டெல்மர் ஹூப்பர் உள்ளே இருக்கிறார்

பெல்லமி கவுண்டி என்ற எங்கள் மாவட்டத்தில் ஒளிவுமறைவு கிடையாது. எங்கள் சிறையில் யார் இருக்கிறார், எப்போது வந்தார், என்ன குற்றம், முகம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நாங்களும் பார்ப்போம். காலையில் காப்பி போடும்போதே, மழை வருமா என்று ஒரு தடவை, சிறைக்கு யார் புதிதாக வந்திருக்கிறார் என்று ஒரு தடவை செல்போனைப் பார்த்துவிடுவோம். கணினி பழகாதவர்களுக்காகப் பெட்ரோல் பங்கில் வாரம் ஒரு பத்திரிகை வரும். அதில் செய்தி கிடையாது, சமையல் குறிப்பு கிடையாது, கைதானவர்களின் முகங்கள் மட்டும்தான். டோனட்டோடு ஒன்று வாங்கிக்கொண்டு போய், தெரிந்த முகம் இருக்கிறதா என்று சாவகாசமாகத் தேடுவார்கள். தெரிந்த முகம் இல்லாத வாரம் சப்பென்று போய்விடும்.

ட்வைலா ஹூப்பரின் முடி அலங்காரக் கடையில் எத்தனையோ பத்திரிகைகள் கிடந்தாலும் இதுதான் முதலில் கிழியும். ட்வைலாவும் படிப்பாள். "பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். தன் புருஷன் முகம் அதில் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. டெல்மர் ஹூப்பர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மஞ்சள் விளக்கைப் பார்த்தால் மட்டுமல்ல, பச்சை விளக்கு மஞ்சளாகிவிடுமோ என்று தோன்றினாலே வேகத்தைக் குறைக்கிற மனிதர்.

எல்லாம் நூலகக் கூரையால் வந்த வினை. கூரை ஒழுகியது. இந்த மாதிரிக் காரியங்களுக்கு நிதி திரட்ட எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர்காலச் சந்தை நடக்கும் சனிக்கிழமையன்று ஊரின் யோக்கியமான ஆட்களாகப் பார்த்துப் பொய்யாகக் கைது செய்வார்கள். கையில் விலங்கு மாட்டி, அட்டையில் செய்த கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். உறவும் நட்பும் ஆளுக்குக் கொஞ்சம் நன்கொடை கொடுத்து ஜாமீனில் எடுக்க வேண்டும். பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார், மாட்டு வைத்தியர் உட்கார்ந்திருக்கிறார், வங்கி மேலாளரை ஒரு வருஷம் யாருமே எடுக்க வராமல் அவர் மனைவியே வந்து திட்டிக்கொண்டே எடுத்துப் போனாள். எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகவே நடக்கும்.

இந்த வருஷம், கவுண்டியின் போலீசுக்கும் சிறைக்கும் தலைவரான ஷெரிஃப் ராண்டல் கின்கேட் கொஞ்சம் மிதப்பில் இருந்தார். சிறைப் பதிவுகள் முழுவதையும் புதுக் கணினியில் ஏற்றி மக்களுக்குத் திறந்து வைத்ததற்காக அவருக்குக் கண்ணாடியில் ஒரு விருது கொடுத்திருந்தார்கள். அதைத் துடைப்பதற்கென்றே மேசை இழுப்பறையில் ஒரு துணி வைத்திருந்தார்.

"எதுக்குங்க அட்டைக் கூண்டு? நம்மகிட்டதான் அசலே இருக்கே!" என்றார் ஷெரிஃப், சந்தைக் குழுக் கூட்டத்தில். "ஒரே ஒருத்தர, நெஜமாவே புது மெஷின்ல ஏத்திக் காட்டுவோம். பேப்பர்காரங்க படம் எடுக்கட்டும். ஜனங்களுக்கும் நம்ம சேவை எப்படின்னு தெரியும்."

அந்த ஒரே ஒருவராக யார் வருவீர்கள் என்று கேட்டதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். டெல்மர் சரி என்றார். யார் எதைக் கேட்டாலும் சரி என்பதுதான் அவர் சுபாவம்.

சனிக்கிழமை கவுண்டிச் சிறையில் டெல்மரின் பத்து விரலும் ஒற்றி எடுக்கப்பட்டன. கோடு போட்ட காகிதத் தொப்பியோடு, வாயெல்லாம் பல்லாக, முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். 'எரிச்சலூட்டும் அளவுக்கு நேரம் தவறாமை' என்று நூலகத்துப் பெண்கள் அவர்மேல் குற்றம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கணினியில் அப்படி ஒரு குற்றம் இல்லாததால் காவலர் அதற்குக் கிட்டத்தில் இருந்த 'பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்தல்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். ஜாமீன் சேர்ந்தது, மணி அடித்தார்கள், கை தட்டினார்கள். முன் வாசலை அடைத்துக்கொண்டு கேக் விற்பனை நடந்துகொண்டிருந்தபடியால் டெல்மரைச் சமையலறை வாசல் வழியாக வெளியே அனுப்பினார்கள். கணினியில் விடுதலை என்று பதிகிற பொத்தான் முன் வாசல் மேசையில் இருக்கிறது. அதை யாரும் அமுக்கவில்லை. அந்த மேசைமேல் அப்போது விற்பனைக்கான ஆப்பிள் பை பலகாரங்கள் அடுக்கியிருந்தன.

திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் இருக்க வேண்டிய நேரத்தில் டெல்மர் கடைக்குள் வந்து நின்றார். ட்வைலா ஒரு அம்மாளின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, இங்க நிக்கற?"

"சாவிய வாங்கிட்டாங்க."

"யாரு?"

"புரூபேக்கர்தான். நான் ஜெயில்ல இருக்கேனாம்."

சாயத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ட்வைலாவுக்கும் சிரிப்பு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிப் போக்குவரத்துக்குப் பொறுப்பான புரூபேக்கருக்குப் போன் போட்டாள்.

"மேடம், டெல்மர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது," என்றார் அவர். "ஆனா தினம் காலைல எங்க கம்ப்யூட்டர் ஜெயில் லிஸ்ட்டையும் டிரைவர் லிஸ்ட்டையும் ஒத்துப் பாக்குது. ஜெயில்ல இருக்கற ஆள வச்சு பஸ் ஓட்டினா நாளைக்கு யாரு பதில் சொல்றது? கொழந்தைங்க விஷயம்."

"அவரு ஜெயில்ல இல்லீங்க. இதோ என் கடைல நிக்கறாரு."

"அப்படின்னா அது இன்னும் மோசமாச்சே மேடம்."

ட்வைலாவுக்குச் சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக் குழு கூடுகிறது, அதற்குள் டெல்மரின் பேர் பட்டியலிலிருந்து போகவில்லையென்றால் பஸ்ஸை நிரந்தரமாக வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று புரூபேக்கர் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் எதையும் வருத்தத்தோடுதான் சொல்வார்.

பஸ்தானே, போனால் போகிறது என்று சொல்ல ட்வைலாவால் முடியாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எந்தப் பையனுக்கு வளைவில் குமட்டும், எந்தப் பெண் அழுதுகொண்டே ஏறுவாள், எந்த வீட்டு நாய் பஸ்ஸின் பின்னால் எதுவரைக்கும் ஓடி வரும் என்பதெல்லாம் டெல்மருக்கு அத்துப்படி. சாப்பாட்டு மேசையில் அவர் வாய் திறந்தால் பஸ் கதைதான். மாற்று ஓட்டுநர் முதல் நாளே வழி தெரியாமல் சோயா வயலுக்குள் பஸ்ஸை இறக்கிவிட்டான். இரண்டு பிள்ளைகளைத் தப்பான வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மறுநாள் விடிவதற்கு முன் ட்வைலா எழுந்து வந்தபோது டெல்மர் சீருடை போட்டுக்கொண்டு சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி மேசைமேல் இருந்தன. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சிறையின் முன்கூடத்தில், கனமான கண்ணாடிக்குப் பின்னால் பதிவு அதிகாரி ஐடெல்லா கிரேன் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில், 'இங்கே எல்லாம் எல்லோருக்கும் திறந்தது' என்று எழுதி ஒட்டியிருந்தது. பேசுவதற்கு இருந்த ஓட்டையை அந்தத் தாள் பாதி மறைத்தது.

"யாரு வேணும்னாலும் யாரோட பதிவ வேணும்னாலும் கேக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். அது உங்க உரிமை," என்றார் ஐடெல்லா, மனப்பாடமாக.

"அப்ப என் பதிவக் குடுங்கம்மா," என்றார் டெல்மர். "டெல்மர் ஹூப்பர்."

ஐடெல்லா தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும் குடுக்க முடியாதுங்க. நீங்க கைதி. கைதி கேக்கறதா இருந்தா உள்ளேர்ந்துதான் கேக்கணும். அதுக்குன்னு உள்ள செல்லுல ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் வச்சிருக்கோம். பொதுஜன ஜன்னல்ல கைதிங்க வந்து நின்னா வரிசை கொழம்பிடும்."

"நான் கைதி இல்லம்மா."

"எல்லாக் கைதியும் அதைத்தாங்க சொல்றாங்க."

ட்வைலா அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "நான் கேக்கறேன். நான் பொதுஜனம்தானே?"

"தாராளமா மேடம்!" ஐடெல்லாவின் முகம் மலர்ந்தது. அச்சடித்த தாள்கள் கண்ணாடிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்தன. அதில் டெல்மரின் தினசரி நடவடிக்கைகள் இருந்தன. காலை உணவு உட்கொண்டார். நடத்தை நன்று. ஞாயிறு வழிபாட்டில் கலந்துகொண்டார். விளக்கணைத்ததும் உறங்கினார்.

"புகார் இல்லாத கைதிக்கெல்லாம் கம்ப்யூட்டரே நெரப்பிடும். எங்களுக்கு நேரம் மிச்சம்," என்று ஐடெல்லா விளக்கினார்.

"சர்ச்சுக்குப் போயிருக்கேனா?" டெல்மர் எட்டிப் பார்த்தார்.

"எத்தன வருஷமா தலையால தண்ணி குடிச்சேன்! உள்ள போனதும் உனக்கு பக்தி வந்துடுச்சு பாரு," என்றாள் ட்வைலா. பிறகு ஐடெல்லாவிடம், "அம்மா, இது நூலகத்துக்காக நடந்த விளையாட்டு. நீங்களே அன்னிக்குக் கேக் வித்துட்டு இருந்தீங்களே. இவரத்தான் பாத்தீங்களே!" என்றாள்.

"பாத்தேன். நான் பாத்ததப் பதிவுல போட எடம் இல்லையே மேடம்."

ஐடெல்லா கெட்டவர் இல்லை. பிழை திருத்தக் கோரி ட்வைலா பெயரில் அவரே ஒரு மனு எழுதித் தலைநகருக்கு அனுப்பி வைத்தார். அதற்குப் பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதைவிடச் சுருக்கு வழி, கைதியையே உள்ளிருந்து கேட்கச் சொல்வதுதான் என்றார். "புதன்கிழமை பார்வையாளர் நேரம். அவரப் பாத்து எடுத்துச் சொல்லுங்க. நல்ல மாதிரி ஆளாத்தான் தெரியறாரு, கேப்பாரு."

புதன்கிழமை போனார்கள். வேறு என்ன செய்வது? முன்கூடத்து மூலையில் ஒரு சின்னத் தடுப்பு, அதில் ஒரு திரை, ஒரு ரிசீவர். டெல்மரைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். கைதியைப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் அவர் பேர் இல்லை. ட்வைலா ரிசீவரை எடுத்ததும் திரை எரிந்தது. ஒரு இரும்பு மேசை, ஒரு முக்காலி. முக்காலியில் ஒருவரும் இல்லை. அடியில் 'டெல்மர் ஹூப்பர்' என்று பச்சை எழுத்து.

"அங்க யாரும் இல்லையே," என்றாள் பின்னால் நின்ற காவலரிடம்.

"இருக்காரு மேடம். பேரு எரியுது பாருங்க. பேசுங்க, நேரம் போயிட்டிருக்கு."

ட்வைலா முக்காலியைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டினாள். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு வருகிற உன் புத்தியால்தான் இந்தக் கூத்து என்றாள். முக்காலி எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாத புருஷனிடம் பேசி அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இதில் ஏதோ வேறு மாதிரி இருந்தது. குரல் தானாக இறங்கியது.

"காலைல நீ சாவி இல்லாம உக்காந்திருக்கியே, அத என்னால பாக்க முடியல டெல்மர். நீ பஸ் கதைய ஆரம்பிச்சா நான் அடுப்பப் பாத்துத் திரும்பிக்குவேன். ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன். ஒரு பிள்ள பேரு விடாம எனக்குத் தெரியும். வீடு இப்ப சத்தமே இல்லாம இருக்கு. பயமா இருக்கு."

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் டெல்மர் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைய பதிவில், 'சந்திப்பு நல்லபடியாக முடிந்தது. கைதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்' என்று ஏறியது.

அன்றைக்குத்தான் பெட்ரோல் பங்குப் பத்திரிகையும் வந்தது. சுற்றிலும் உம்மென்று இருந்த முகங்களுக்கு நடுவே டெல்மர் மட்டும் காகிதத் தொப்பியோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். "கொழுப்பப் பாரேன், சிரிக்கறான்" என்று ஒரு அம்மாள், முடி உலர்த்தும் டிரையருக்குள் தலையை வைத்துக்கொண்டு சொன்னது கடை முழுக்கக் கேட்டது. சந்தையில் கை தட்டியவர்களில் அவளும் ஒருத்தி. அச்சில் வந்துவிட்டதால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கூட இருந்தவள், "என்ன இருந்தாலும் சும்மாவா போடுவாங்க?" என்றாள். ட்வைலா அவளுக்கு முன்முடியை ஒரு விரல் அதிகமாக வெட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் ஷெரிஃப் கின்கேட்டே கூப்பிட்டு அனுப்பினார். இருவரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். விருது மேசை நடுவில் இருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஹூப்பர் சார், நான் பொடியனா இருந்தப்ப என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான். உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குப் பொறுக்குமா?"

"தப்புன்னு உங்களுக்கே தெரியுதுல்ல? மாத்திடுங்க," என்றாள் ட்வைலா.

"மாத்தலாம் மேடம். ஆனா ஒரு தப்ப மாத்தினா, அப்ப மத்ததெல்லாம் சரியான்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. திறந்த நிர்வாகம்னா என்ன? இருக்கற எல்லாத்தையும் காட்டறது. அது சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு நாங்க ஆள் போடல. அதுக்கு விருதும் கெடயாது."

"அப்ப விடுதலைன்னு போடுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்! விடுதலை பண்ண நான் ரெடி. ஆனா விடுதலை பண்ணணும்னா ஆள் உள்ள இருக்கணுமா இல்லையா? வெளில நிக்கற ஆள வெளில விட்டேன்னு எழுதினா அது பொய்க் கணக்கு. நான் பொய்க் கணக்கு எழுத மாட்டேன்." ஷெரிஃப் நெஞ்சில் கை வைத்தார். "இன்னொண்ணு. இந்த ஜெயில்லேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தன் தப்பிச்சதில்ல. சார் வெளில இருக்காருன்னு நான் ஒத்துக்கிட்டா சார்தான் மொத ஆளு. அப்ப ரோட்ட அடைக்கணும், நாய விடணும். ஹூப்பர் சார் மேல நாய விட எனக்கு மனசு வரல. அதான் நாலு நாளா பேசாம இருக்கேன். இந்த உதவிய யாரு நெனச்சுப் பாக்கறாங்க?"

டெல்மர் நினைத்துப் பார்த்தார். "ரொம்ப நன்றிங்க," என்றார்.

"அதனால ஒரு யோசனை. எந்த வழியா வெளில போனீங்களோ அதே சமையலறை வாசல் வழியா உள்ள வாங்க. உங்க பேர்ல இருக்கற செல்லுல உக்காருங்க. நான் பொத்தான அமுக்கறேன். முன் வாசல் வழியா கை குடுத்து அனுப்பறேன். பத்தே நிமிஷம். நாளைக்கு ஸ்கூல் கமிட்டிக்கு முன்னாடி உங்க பேரு பளிச்சுன்னு இருக்கும்."

ட்வைலாவுக்கு இதில் ஏதோ சரியில்லை என்று பட்டது. "யோசிச்சு சொல்றோம்" என்று அவள் வாய் திறப்பதற்குள் டெல்மர் சரி என்றுவிட்டார்.

சமையலறை வாசலில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார், காலணிக் கயிற்றை உருவிக் கொடுத்தார், தொப்பியைக் கொடுத்தார். கடைசியாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி ட்வைலாவின் கையில் வைத்தார். "நீ நேரம் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, காலணி நழுவாமல் இருக்கத் தரையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. அது மூடும்போது சத்தமே வரவில்லை. நல்ல கதவு.

ட்வைலா முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இன்னொரு பத்து நிமிஷமும் ஆயிற்று. அரசாங்கத்துப் பத்து நிமிஷம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஐடெல்லா இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டார்.

"மேடம்! இங்க வாங்க! உங்க மனு பாஸாயிடுச்சு! தலைநகர்லேர்ந்து இப்பதான் உத்தரவு வந்துச்சு. இவ்வளவு சீக்கிரம் நான் பாத்ததே இல்ல!"

தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். முத்திரை குத்தியிருந்தது. அந்தக் கைதே சட்டப்படி நடந்ததல்ல; ஆகவே அது நடக்கவே இல்லை; டெல்மர் ஹூப்பர் என்பவர் பெல்லமி கவுண்டிச் சிறையில் எக்காலத்திலும் இருந்ததில்லை. உத்தரவு வந்த நொடியிலேயே தான் பதிவை அடியோடு நீக்கிவிட்டதாக ஐடெல்லா பெருமையோடு சொன்னார். விரல் ரேகை, முகம், சாப்பிட்ட சாப்பாடு, போன வழிபாடு, ஒன்று பாக்கியில்லை.

ட்வைலா அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். போன் அடித்தது. புரூபேக்கர். "இப்பதான் எங்க கம்ப்யூட்டர் சொல்லுச்சு மேடம். டெல்மர் மேல ஒரு பொட்டுக் கறை இல்ல. திங்கக்கெழம காலைல பஸ் அவரோடது. பிள்ளைங்க வேற அவரக் கேட்டுட்டே இருக்குதுங்க." இந்தத் தடவை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர வரச் சொல்லுங்கம்மா, அவர்கிட்ட நானே சொல்றேன்," என்றாள் ட்வைலா.

"யார?" என்றார் ஐடெல்லா.

உள்கதவு திறந்து ஷெரிஃப் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "ஐடெல்லா, விடுதலை பண்ணலாம்னு கம்ப்யூட்டரப் பாத்தேன். ஹூப்பர் சார் பேரே காணோமே?"

"நீக்கியாச்சு சார். உத்தரவு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ட்வைலாவைப் பார்த்தார்கள்.

"கதவத் தெறங்க," என்றாள் ட்வைலா.

"மேடம், பழைய காலம்னா சாவி என் இடுப்புல இருக்கும். இப்ப கம்ப்யூட்டர்தான் தெறக்கும். பேரக் குடுத்தாதான் அதுக்குத் தெரியும். பேரே இல்லாத ஆளுக்குக் கதவத் தெறந்துவிட்டா, நாளைக்கு யார் வேணா வெளில போயிடலாமே?"

"உள்ள இருக்காரே! நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க!"

"அதத்தான் வெளில யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்," என்றார் ஷெரிஃப், குரலைத் தாழ்த்தி. "கைது இல்லாத ஒருத்தர நான் உள்ள வச்சிருக்கேன்னு ஆச்சுன்னா, எனக்கு வேலையே போயிடும்." தலைநகருக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், விருதைத் துடைக்கிற துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் அந்த உள்கதவு ஒரு தடவை திறந்தது. ட்வைலா துள்ளி எழுந்தாள். வந்தவன் வேறு ஆள். ரே டீன் என்று ஒருத்தன், யாருடைய டிராக்டரையோ கேட்காமல் ஓட்டிப் போனவன், பதிவில் பேர் ஒழுங்காக இருந்ததால் ஒழுங்காக விடுதலையாகி, சாமான் பையோடு வந்தான்.

"பஸ் தாத்தா உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டான். "என் செல்லுலதான் இருக்காரு. நான் சின்னப் பையன்ல அவரு பஸ்லதான் போவேன். ஆள் கணக்கு எடுக்க வந்தாங்கம்மா. லிஸ்ட்டுல உள்ள பேரெல்லாம் கூப்பிட்டாங்க, அவரு பேரு வரல. தலைய எண்ணினா ஒண்ணு கூடுது. மறுபடி எண்ணினாங்க, மறுபடியும் கூடுது. கடைசில லிஸ்ட்டுதான் சரின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. சாப்பாட்டுத் தட்டும் வரல. நான் பாதி சாண்ட்விச் குடுத்தேன். அவரு என்னடான்னா, 'தம்பி, நீ எங்க எறங்குவே, பழைய வீடுதானா'ன்னு கேக்கறாரு."

"பயந்து போயிருக்காரா?"

ரே டீன் தரையைப் பார்த்தான். "மணி என்னன்னு கேட்டுட்டே இருக்காரும்மா. கடிகாரம் வெளில இருக்காம்."

ட்வைலாவின் கைக்குள் அந்தக் கடிகாரம் வியர்த்திருந்தது. அவள் நேரே ஐடெல்லாவின் ஜன்னலுக்குப் போனாள். ஐடெல்லா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மறுபடி அவரு பேர ஏத்துங்க. கைதின்னே போடுங்க. திருடன்னு போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. பேரு இருந்தா விடலாம் இல்ல?"

ஐடெல்லா நிஜமாகவே யோசித்தார். அவர் மனது வைத்துத்தான் யோசித்தார், அதில் குறை சொல்ல முடியாது.

"கைது இல்லாம பேர ஏத்த முடியாது மேடம். கைதே நடக்கலன்னு உத்தரவு போட வச்சதே நாமதானே. புதுசா கைது பண்ணலாம். ஆனா ஜெயிலுக்குள்ள இருக்கற ஆள ஜெயிலுக்குக் கொண்டு வர முடியாது பாருங்க. அவரு வெளில வந்து ஏதாவது ஒரு தப்பு பண்ணணும்."

ஜன்னலின் திரைச்சீலை இறங்கியது. ட்வைலா மூலையில் இருந்த தடுப்புக்குள் போய் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். கைதியின் பேரைத் திரை கேட்டது. அவள் தட்டினாள். அப்படி ஒருவர் இல்லை என்றது. மறுபடி தட்டினாள். அப்படி ஒருவர் இல்லை. மூன்றாவது தடவை திரை இருண்டேவிட்டது. கடிகாரத்தை அந்தக் கறுப்புத் திரைக்கு நேராக, முக்காலி இருந்த இடமாகப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"டெல்மர், மணி அஞ்சாகப் போகுது. உன் பேரு சுத்தமாயிடுச்சு. திங்கக்கெழம பஸ் உன்னோடதாம். பிள்ளைங்க உன்னக் கேட்டுதுங்களாம். கேக்குதா? நான் இங்கதான் இருக்கேன்."

அன்றைக்கு இருந்த அதே காவலர் பின்னால் வந்து நின்று, ரிசீவரை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மாட்டினார்.

"யார்கிட்ட மேடம் பேசறீங்க? அங்கதான் யாருமே இல்லையே."